டெக்ஸ்டிரானை அறுக்கும் அமிலம்

வெட்டிய கரும்பை வெயிலில் சில நாள்கள் கிடக்கவிட்டுப் பின்னர் ஆலையில் பிழிந்தால், சாறு வழக்கம்போல் ஓடுவதில்லை. கொழகொழத்து நூல் இழுக்கிறது. வடிகட்டும் துணிகள் அடைபடுகின்றன. பாகு எளிதில் படிகமாவதில்லை. உண்டாகும் படிகங்களும் ஊசிபோல் நீண்டு உருக்குலைகின்றன. இத்தொல்லைக்குக் காரணமான பொருள் டெக்ஸ்டிரான் எனப்படும். கரும்பின் வெட்டுவாய் வழியே உள்ளே புகும் ஒருவகைப் பாக்டீரியம், அதிலுள்ள சர்க்கரையைக் கொண்டு இப்பசையை உண்டாக்குகிறது.

ஆலைகளில் வெறுத்து ஒதுக்கப்படும் இதே பொருள், அமிலத்தால் தக்க அளவுக்குத் துண்டாக்கப்பட்டபோது, இரத்தத்தை இழந்து அதிர்ச்சி நிலையை அடைந்தவர்களைக் காக்கும் மருந்தாயிற்று. தொல்லைக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் மூலக்கூறின் பருமனைப் பொறுத்ததே ஆகும். அப்பருமனை அமிலம் எவ்வாறு குறைக்கிறது, அதன் வேலையை எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பவற்றைப் பற்றிய அறிவு, இரசாயனத்துக்கும் மருத்துவத்துக்கும் சர்க்கரைத் தொழிலுக்கும் பொதுவானதாகும்.

பசையின் பிறப்பு

சர்க்கரைக் கரைசல்கள் தாமாகவே பசையாக மாறுவதைச் சர்க்கரை ஆலைகளிலும் மதுத் தொழிற்சாலைகளிலும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இம்மாறுதலுக்கு நுண்ணுயிரே காரணம் என்பதை 1861-இல் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். 1874-இல் ஜெர்மன் இரசாயன அறிஞர் ஷைப்ளர், இப்பொருள் ஒரு கார்போஹைட்ரேட் என்று கண்டு, ஒளியின் தளத்தை அது வலப்புறமாகத் திருப்பும் இயல்பு பற்றி அதற்கு டெக்ஸ்டிரான் என்று பெயரிட்டார். 1878-இல் பிரெஞ்சு அறிஞர் வான் டீகம், இதனைத் தோற்றுவிக்கும் பாக்டீரியத்துக்கு லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பெயரைச் சூட்டினார். இது அரிதில் கிடைக்கும் உயிரன்று. இட்லி மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர்களுள் இதுவும் முதன்மையான ஒன்றாகும்.

பாக்டீரியங்களை முற்றிலும் நீக்கிய வடிநீரும் சர்க்கரையிலிருந்து டெக்ஸ்டிரானை உண்டாக்க வல்லது என்பதை 1941-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு ஹெர் நிறுவினார். ஆகவே, இவ்வேலையைச் செய்வது பாக்டீரியம் வெளிவிடும் ஒரு நொதி என்பது தெளிவாயிற்று. கரும்புச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்து அமைந்தது. நொதி இவ்விணைப்பை அறுத்து, குளுக்கோஸைச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, ஃபிரக்டோஸை வெளியே விட்டுவிடுகிறது. பழைய இணைப்பு அறுபடுகையில் கிடைக்கும் ஆற்றலே புதிய இணைப்புக்குப் போதுமானதாகிறது. இதனால் 100 கிலோகிராம் சர்க்கரையிலிருந்து, கொள்கையளவில்கூட, சுமார் 47 கிலோகிராம் டெக்ஸ்டிரானுக்கு மேல் பெற முடியாது.

கொடியும் முட்களும்

குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் இடுவது வழக்கம். ஸ்டார்ச்சில் ஒரு குளுக்கோஸின் முதற் கார்பன், அடுத்த குளுக்கோஸின் நான்காம் கார்பனோடு ஓர் ஆக்சிஜன் அணுவின் வழியாக இணைகிறது. டெக்ஸ்டிரானிலோ முதற் கார்பன் அடுத்ததன் ஆறாம் கார்பனோடு இணைகிறது. இதனை 1-6 இணைப்பு என்பர். ஆறாம் கார்பன் குளுக்கோஸ் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், இச்சங்கிலி எளிதில் வளைந்து திரும்பக் கூடியது. நீரிலும் நன்கு கரையக் கூடியது.

முதன்மைச் சங்கிலியிலிருந்து ஆங்காங்கே கிளைகள் பிரிகின்றன. மருந்துக்குரிய டெக்ஸ்டிரானில் இக்கிளைகள் பெரும்பாலும் மூன்றாம் கார்பனில் தொடங்குகின்றன. இவை 1-3 இணைப்புகள். பி-512 எஃப் என்னும் பாக்டீரிய வகை தரும் டெக்ஸ்டிரானில் ஏறத்தாழ 95 சதவிகிதம் 1-6 இணைப்புகளும் 5 சதவிகிதம் 1-3 இணைப்புகளும் உள்ளன. அதன் கிளைகளில் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு குளுக்கோஸ் அலகுகள் மட்டுமே நீளமுடையவை. மிக நீண்ட கொடியொன்றில் இடையிடையே சிறு முட்களும், அரிதாகச் சில நீண்ட கிளைகளும் இருப்பதாகக் கருதினால், இம்மூலக்கூறின் வடிவத்தை ஒருவாறு மனத்தில் கொள்ளலாம். வேறு சில பாக்டீரிய வகைகள் தரும் டெக்ஸ்டிரானில் கிளைகள் இதனினும் பன்மடங்கு மிகுதி.

பாக்டீரியம் உண்டாக்கிய நிலையில் டெக்ஸ்டிரானின் மூலக்கூறு எடை ஒரு கோடி முதல் பல கோடி வரை செல்கிறது. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. சங்கிலியில் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு நீங்குவதால் ஒவ்வோர் அலகின் எடை 162. ஆகவே, ஒரு கோடி எடையுள்ள மூலக்கூறில் ஏறத்தாழ 61,700 குளுக்கோஸ் அலகுகள் உள்ளன.

அமிலம் அறுக்கும் முறை

டெக்ஸ்டிரான் கரைசலில் சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ கந்தக அமிலத்தையோ சேர்த்துச் சூடாக்கினால், அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனி, இரு குளுக்கோஸ் அலகுகளை இணைக்கும் ஆக்சிஜன் அணுவில் சென்று ஒட்டிக்கொள்கிறது. அதனால் அந்த ஆக்சிஜனுக்கும் முதற் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு தளர்ந்து அறுபடுகிறது. நேர்மின்னேற்றம் பெற்று நிற்கும் முதற் கார்பனோடு ஒரு நீர் மூலக்கூறு சேர்கிறது. ஹைட்ரஜன் அயனி மீண்டும் விடுபட்டு வேறோர் இணைப்பைத் தேடிச் செல்கிறது. இவ்வாறு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது, அமிலமோ செலவாவதில்லை. இது பற்றியே அமிலத்தை ஊக்கி என்பர். நீரால் நிகழும் இப்பிளவுக்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

வெட்டு நிகழுமிடம் எது என்பதில் அமிலத்துக்குப் பெரும் தெரிவு கிடையாது. சங்கிலியின் நுனியில் தொடங்கி ஒவ்வோர் அலகாகக் கழற்றுவது அதன் இயல்பன்று. நடுவிலும் ஓரத்திலும் எங்கு வாய்ப்புக் கிடைத்தாலும் அங்கே வெட்டுகிறது. முட்களைப் போன்ற சிறு கிளையின் அடியில் வெட்டு விழுந்தால் ஒன்றிரண்டு குளுக்கோஸ் அலகுகள் மட்டும் உதிர்கின்றன. மூலக்கூறின் பருமன் மாறுவதில்லை. முதன்மைச் சங்கிலியின் நடுவே விழும் ஒரே வெட்டு மூலக்கூறை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இதனால்தான் கரைசலின் கொழகொழப்புத் தொடக்கத்தில் விரைந்து குறைகிறது. அதே நேரத்தில் உண்டாகும் தனிக் குளுக்கோஸின் அளவோ மிகச் சொற்பமாக இருக்கிறது.

எல்லா இணைப்புகளும் ஒரே அளவு உறுதி வாய்ந்தவை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. நீரில் கரைத்த அமிலத்தின்முன் 1-6 இணைப்பு மற்ற இணைப்புகளைவிட அதிகமாகத் தாக்குப்பிடிக்கிறது. 1-3, 1-4 இணைப்புகள் அதனைவிட விரைவில் அறுபடுகின்றன. ஆதலின், டெக்ஸ்டிரானில் கொடி நிலைத்து நிற்க, முட்கள் முந்தி உதிர்கின்றன. நீராற்பகுப்பால் கிடைக்கும் துண்டுகள் சிறியனவாக ஆக, அவற்றின் கிளைகளும் குறைந்து நேர்ச்சங்கிலியாகி வருவதன் காரணம் இதுவே. ஸ்டார்ச்சில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே முதன்மைச் சங்கிலி 1-4 இணைப்பால் ஆனது. கிளைகள் 1-6 இணைப்பில் தொடங்குகின்றன. ஆகவே, ஸ்டார்ச்சில் சங்கிலி முன்னதாகச் சிதைய, கிளை பிரியும் இடங்களே பிந்தி அறுபடுகின்றன.

வேகத்தை ஆளுவன மூன்று: அமிலத்தின் செறிவு, வெப்பநிலை, காலம். கொதிநிலையை ஒட்டி வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தாலும் வெட்டும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. ஆறவைத்து, காரம் சேர்த்து அமிலத்தை நடுநிலைப்படுத்தினால் வெட்டு நின்றுவிடும். நிறுத்தாமல் விட்டால், இறுதியில் எஞ்சுவது வெறும் குளுக்கோஸ் கரைசலே.

ஆயிரத்தில் இரண்டு

மருத்துவத்துக்கு ஏற்ற டெக்ஸ்டிரானின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 75,000. ஒரு கோடி எடையுள்ள மூலக்கூறை இந்த எடையுள்ள துண்டுகளாக்கினால் சுமார் 133 துண்டுகள் கிடைக்கும். அதற்கு 132 வெட்டுகள் போதும். மூலக்கூறிலுள்ள இணைப்புகளோ ஏறத்தாழ 61,700. எனவே, ஆயிரம் இணைப்புகளில் இரண்டை அறுத்து, எஞ்சிய 998-ஐயும் விட்டுவைக்க வேண்டும். தோராயமான இக்கணக்கே, அமிலத்தின் வேலையில் சிறிது நேரப் பிசகும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நன்கு காட்டுகிறது.

75,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்ற வினா இயல்பாக எழும். இதற்கு விடை மனித உடலில் இருக்கிறது. இரத்தத்தின் திரவப் பகுதியாகிய பிளாஸ்மாவில் ஆல்புமின் என்னும் புரதம் உள்ளது. அதன் மூலக்கூறு எடை 66,000-க்குச் சற்று மேல். குழாய்களின் நுண்ணிய துளைகள் வழியே எளிதில் கசிந்துவிடாத இப்புரதம், நீரை ஈர்த்து இரத்தக் குழாய்களுக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. காயத்தாலோ தீப்புண்ணாலோ பிளாஸ்மா இழக்கப்படும்போது குழாய்களுக்குள் திரவத்தின் அளவு குறைகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது. சாதாரண உப்பு நீரை மட்டும் செலுத்தினால் அதன் பெரும்பகுதி விரைவில் திசுக்களுக்குள் சென்றுவிடும். ஆல்புமினை ஒத்த பருமனுள்ள வேறொரு பொருளைச் செலுத்தினால், அது நீரைக் குழாய்க்குள் சில மணி நேரமேனும் பிடித்துவைக்கும்.

இங்கேதான் பருமன் இன்றியமையாததாகிறது. ஏறத்தாழ 50,000-க்குக் குறைந்த எடையுள்ள டெக்ஸ்டிரான் துண்டுகள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடும். மிகச் சிறிய துண்டுகள் உடலில் நிலைப்பதே இல்லை. மிகப் பெரியனவோ சிவப்பணுக்களை நாணய அடுக்குகள்போல் ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். நெடுநாள் உடலில் தங்கும். நடுத்தரத் துண்டுகள் போதிய காலம் பணி செய்தபின், திசுக்களிலுள்ள நொதிகளால் மெல்லமெல்லக் குளுக்கோஸாக மாற்றப்பட்டு எரிந்துபோகின்றன.

உப்சாலாவும் பியோரியாவும்

இக்கருத்தை முதலில் செயற்படுத்தியவர்கள் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் பணியாற்றிய ஆண்டர்ஸ் கிரான்வால், பியோர்ன் இங்கெல்மான் ஆகிய இருவர். சர்க்கரைச் சாற்றில் தோன்றும் டெக்ஸ்டிரானை ஆராய்ந்தபோது, அதனை அமிலத்தால் பகுத்துப் பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று 1940-களின் முற்பகுதியில் அவர்கள் கண்டனர். ஃபார்மேசியா நிறுவனத்தின் மேக்ரோடெக்ஸ் என்னும் 6 சதவிகித டெக்ஸ்டிரான் கரைசல் 1947-இல் சுவீடனில் விற்பனைக்கு வந்தது.

1950-இல் கொரியப் போர் தொடங்கியபோது அமெரிக்காவில் இதன் தேவை அவசரமாயிற்று. பலரிடமிருந்து திரட்டிக் கலந்த பிளாஸ்மாவின் மூலம் கல்லீரல் அழற்சி நோய் பரவி வந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், அமெரிக்க வேளாண்மைத் துறையின் வடக்கு மண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய அல்லீன் ஜீன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி டெக்ஸ்டிரான்களை ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தார். ரூட்பியர் என்னும் இனிப்புப் பானம் ஒன்று கெட்டுப் பசையாக மாறியிருந்தது. அதிலிருந்து பெற்ற பாக்டீரிய வகையே பி-512. கிளைகள் குறைவான டெக்ஸ்டிரானைத் தந்தமையால் அதன் வழிவந்த வகை மருந்து உற்பத்திக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிளைகள் மிகுந்த டெக்ஸ்டிரானே உடலின் எதிர்ப்பை அதிகமாகத் தூண்டுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. இப்பணிக்காக 1953-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைசிறந்த பணி விருது ஜீன்ஸுக்கு அளிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 96 பாக்டீரிய வகைகள் தரும் டெக்ஸ்டிரான்களை ஒப்பிட்டு அவரும் அவர்தம் குழுவினரும் எழுதிய ஆய்வுரை 1954-இல் வெளிவந்தது.

துண்டுகளைப் பிரித்தல்

அமிலம் கண்ட இடத்தில் வெட்டுவதால், எவ்வளவு கவனமாக நேரத்தைக் கணித்தாலும் துண்டுகள் யாவும் ஒரே அளவாக அமைவதில்லை. பெரியனவும் சிறியனவும் கலந்தே இருக்கும். ஆகவே, அமிலத்தை நடுநிலைப்படுத்திய பின்னர் ஆல்கஹாலைச் சிறிதுசிறிதாகச் சேர்ப்பர். நீரில் கரைந்திருக்கும் டெக்ஸ்டிரான் ஆல்கஹாலில் கரையாது. முதலில் மிகப் பெரிய துண்டுகள் படிகின்றன, அவை நீக்கப்படுகின்றன. மேலும் ஆல்கஹால் சேர்க்க, வேண்டிய நடுத்தரத் துண்டுகள் படிகின்றன. சிறு துண்டுகளும் தனிக் குளுக்கோஸும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. பிரித்த பகுதியின் கொழகொழப்பை அளந்து அதன் சராசரிப் பருமனைச் சரிபார்ப்பர். நுண்ணிய குழாயொன்றின் வழியே கரைசல் வடிவதற்கு எடுக்கும் வினாடிகளைக் கணக்கிடுவதே இதற்குரிய எளிய முறை.

இவ்வளவு முயன்றும் டெக்ஸ்டிரான் குறையற்ற மருந்தாகிவிடவில்லை. அது ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. எனவே இரத்தத்துக்கு முழு மாற்றாகாது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாயிற்று. மிகுதியாகச் செலுத்தினால் இரத்தம் உறைவது தாமதப்படும். சிவப்பணுக்களை ஒட்டச் செய்யும் இயல்பால் இரத்த வகை காணும் சோதனையும் குழம்பக்கூடும்; ஆதலின் டெக்ஸ்டிரானைச் செலுத்துவதற்கு முன்னரே இரத்த மாதிரியை எடுத்துவைத்தல் வேண்டும் என்பது மருத்துவ விதி. ஒவ்வாமையைத் தடுக்கக் கண்ட வழியும் அமிலத்தின் உதவியால் வந்ததே. டெக்ஸ்டிரானை மேலும் சிறிதாக, சராசரி எடை 1,000 மட்டும் உள்ள துண்டுகளாக்கி, அதனை முன்கூட்டிச் செலுத்தும் முறை 1980-களில் வழக்கத்துக்கு வந்தது. இச்சிறு துண்டுகள் உடலிலுள்ள எதிர்ப்பொருள்களோடு இணைந்து, பின்வரும் பெரிய மூலக்கூறுகள் தீங்கு செய்யாதபடி தடுக்கின்றன.

இந்நாளில் அதிர்ச்சி நிலைக்கு உப்புக் கரைசல்களும், தேவைப்படும்போது ஆல்புமினும் பெரிதும் வழங்குகின்றன. டெக்ஸ்டிரானின் பயன்பாடு சுருங்கிவிட்டது. எனினும், சிறு துண்டுகளை இரும்போடு சேர்த்துச் செய்த ஊசி மருந்து இரத்தசோகைக்குப் பயன்படுகிறது. டெக்ஸ்டிரான் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் செய்யும் சிறு மணிகள், புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் சல்லடையாக 1959 முதல் ஆராய்ச்சிக்கூடங்களில் வழங்கி வருகின்றன.

ஆலைக்கு அமிலம் உதவாதது ஏன்?

அமிலம் டெக்ஸ்டிரானை அறுக்குமாயின், ஆலையில் பசையான சாற்றிலும் அதனையே சேர்க்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். கரும்புச் சர்க்கரையில் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் பிணைக்கும் இணைப்பு, டெக்ஸ்டிரானின் 1-6 இணைப்பைவிட அமிலத்தின்முன் மிகமிக மெலிந்தது. டெக்ஸ்டிரானில் ஓர் இணைப்பு அறுபடுவதற்குள் சர்க்கரையின் பெரும்பகுதி சிதைந்து, படிகமாகாத கலவையாகிவிடும். பசையைப் போக்க முயன்று சர்க்கரையையே இழக்க நேரிடும். இதனால் டெக்ஸ்டிரானை மட்டும் தேர்ந்து அறுக்கும் டெக்ஸ்டிரனேஸ் என்னும் நொதியையே ஆலைகள் நாடுகின்றன. அமிலத்துக்கு இல்லாத தெரிவு நொதிக்கு உண்டு; ஆனால் நொதி விலையுயர்ந்தது.

மற்றொரு தீங்கும் உண்டு. சாற்றிலுள்ள சர்க்கரையின் அளவை, அது ஒளியின் தளத்தைத் திருப்பும் கோணத்தைக் கொண்டு மதிப்பிடுகின்றனர். சர்க்கரையின் திருப்பு எண் +66.5, டெக்ஸ்டிரானுக்கோ ஏறத்தாழ +199. ஆகவே, டெக்ஸ்டிரான் கலந்த சாறு உண்மையில் உள்ளதைவிட அதிகச் சர்க்கரை இருப்பதாகப் பொய்யான அளவைக் காட்டும். வெட்டிய கரும்பைத் தாமதமின்றி ஆலைக்கு அனுப்புதல், அதுவரை நிழலில் வைத்தல், ஆலையின் வாய்க்கால்களையும் தொட்டிகளையும் அடிக்கடி கழுவித் தூய்மையாக வைத்தல் ஆகியனவே இதற்குச் சிறந்த பரிகாரங்கள். களப்பணியாளர்கள் விவசாயிகளுக்கு வலியுறுத்த வேண்டியவையும் இவையே.

வகுப்பறையில் செய்து காட்டுதல்

டெக்ஸ்டிரான் பள்ளிகளில் எளிதில் கிடைப்பதன்று; அது ஐயோடினோடு நீல நிறமும் தராது. எனினும், நீராற்பகுப்பின் தன்மையை ஸ்டார்ச்சைக் கொண்டு ஆசிரியர்கள் விளக்கலாம். ஒரு சதவிகித ஸ்டார்ச்சுக் கரைசல் 50 மில்லிலிட்டர் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லிலிட்டர் சேர்த்து, இரண்டு சோதனைக் குழாய்களில் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றைக் கொதிநீரில் வைத்து, மற்றதை அறை வெப்பநிலையிலேயே விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்து, வெண்ணிற ஓட்டின்மேல் வைத்துள்ள ஐயோடின் துளியோடு கலந்து நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொதிநீரில் உள்ள குழாயின் துளி முதலில் நீலமும், பின்னர் ஊதாவும், அதன்பின் செம்பழுப்பும் காட்டி, இறுதியில் ஐயோடினின் நிறத்தை மட்டும் காட்டும். ஆறிய குழாயின் துளி நீலமாகவே இருக்கும்.

முடிவில் சூடாக்கிய கரைசலைச் சோடியம் பைகார்பனேட்டால், நுரை அடங்கும்வரை, நடுநிலைப்படுத்திப் பெனடிக்ட் கரைசலோடு கொதிக்க வைத்தால் செங்கல் நிறப் படிவு தோன்றும். குளுக்கோஸ் போன்ற சிறு சர்க்கரைகள் உண்டாகிவிட்டன என்பதற்கு இது சான்று. நடுநிலைப்படுத்தாமல் இச்சோதனையைச் செய்தால் விளைவு தவறும். அமிலத்தைக் கையாள்கையில் கண்களுக்குப் பாதுகாப்பு அவசியம். நிறங்கள் மாறிய நிமிடங்களை மாணவர்கள் ஒரு பட்டியலாக எழுதி, செம்பழுப்பு நிறத்தோடு வேலையை நிறுத்த வேண்டுமானால் எந்த நிமிடத்தில் காரத்தைச் சேர்க்க வேண்டும் என்று கணிக்கட்டும். மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்து அக்கணிப்பைச் சரிபார்க்கலாம். டெக்ஸ்டிரானை மருந்தாக்கிய ஆலைகள் தீர்க்க வேண்டியிருந்ததும் இதே கணக்குத்தான்.